கேட்டோடு நின்ற தேர்

அம்சவள்ளி எங்கள் வீட்டுக்கு வாழ வந்த அன்றே நான் சொல்லிவிட்டேன், இது தேறாது என்று. என் வாய் அப்படிப்பட்ட வாய். நல்லதைச் சொல்ல நாலு தரம் யோசிக்கும். குறை சொல்வதற்கு மட்டும் வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், தை மாதம். பெருமுக்கல்லிலிருந்து கட்டைவண்டியில் திண்டிவனம் வந்து, அங்கே பாசஞ்சர் ஏறிப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வேலந்தாங்கல், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஸ்டேஷன். நான் ஆலத்தித் தட்டோடு நிற்கிறேன். பெண் இறங்குகிறாள், இரண்டு கண்ணும் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டு. "அய்யோ பாவம், அழுதுக்கினே வருது பொண்ணு" என்று சனம் உச்சுக்கொட்டியது. அழுகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வேடிக்கை பார்த்திருக்கிறாள், என்ஜின் கரித்தூள் கண்ணில் விழுந்துவிட்டது. நான் முந்தானையால் ஊதி எடுத்துக்கொண்டிருந்தபோது என்ஜின் கூவிற்று. அவ்வளவுதான், மணப்பெண் ஒரே தாவலில் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஆலத்தித் தண்ணீர் முழுக்க என் புதுப் புடவையில்.

அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், தவளைக்குப் பயம், இடி இடித்தால் நெல்குதிருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொள்வாள். சுடுசட்டியை இறக்கப் பழந்துணியை மூன்று மடிப்பு மடிப்பாள். "ஏண்டி, அடுப்புக்கே இந்தப் பயம் பயந்தா குடித்தனம் எப்படிடி பண்ணுவ?" என்பேன். "அதான் நீங்க இருக்கீங்களே அண்ணி" என்று சிரிப்பாள். கோபித்துக்கொள்ளவும் தெரியாது. என்னைப் போன்றவளுக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை தெரியுமா? சண்டைக்கு ஆள் இல்லாத வீடு உப்பில்லாத கூழ்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீரம்மாள் என் பெயர். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். அம்மாவும் இல்லாத வீடு. தம்பி நடராசனை நான்தான் வளர்த்தேன். அம்சா அவன் பெண்டாட்டி.

அந்தக் காலத்துப் பாசஞ்சர் வண்டியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் ஊர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேடு. வண்டி அதில் ஏறும்போது மூச்சு வாங்கும் பாருங்கள், இறங்கித் தள்ளலாமா என்று தோன்றும். கேட்டில் நிற்கிறவர்களோடு ஜன்னலில் இருக்கிறவர்கள் நலம் விசாரித்துக்கொள்வார்கள். "மாமா, மல்லாட்டை புடுங்கியாச்சா?" என்று இவர் நிலக்கடலையைப் பற்றிக் கேட்டால், அவர் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் பெட்டி கேட்டைத் தாண்டியிருக்காது. திண்டிவனத்தில் என்ஜின் தண்ணீர் குடிக்கும். அது குடித்து முடிப்பதற்குள் நாங்கள் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக் கையும் கழுவிவிடுவோம். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போகிற கூட்டம் கூரைமேல் ஏறாத குறைதான். ஊருக்குப் போய் வந்தால் வெள்ளைப் புடவை சாம்பல் புடவை ஆகியிருக்கும். ஆனாலும் அந்தக் கரி வாசனை எனக்குப் பிடிக்கும். யாரோ வேண்டியவர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம் அதற்கு.

அறுபது தாண்டியதும் டீக்கடையில் புதுப் பேச்சு கிளம்பிற்று. மெட்ராசுக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் கூட்டம் தாங்கவில்லையாம். வண்டியை வேகமாக விடச் சர்க்கார் கோடி கோடியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறதாம். தாம்பரத்தோடு நின்றுபோன கரண்டு ரயில் இனிமேல் விழுப்புரம் வரைக்கும் வருமாம். ஜப்பானிலிருந்து என்ஜின் இறங்கப்போகிறதாம். எங்கள் ஊர் நாட்டாமை கோதண்டபாணி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஜல்தியாப் போயி என்னா பண்ணப் போறானுங்க? அங்க போயும் பெஞ்சில குந்திக்கினு பீடிதானே குடிக்கப் போறானுங்க" என்றார். ஊரே சிரித்தது.

சிரித்த ஊரில்தான் ஒருவனுக்கு அந்தப் பணத்தில் சோறு கிடைத்தது. எங்கள் நிலம் வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினால் மல்லாட்டைக் கொடிகூட மிஞ்சாது. நடராசன் கம்பி கட்டுகிற வேலைக்குக் கலாசியாகச் சேர்ந்தான். தண்டவாளத்தின் ஓரம் குழி வெட்டி, இரும்புக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஏறிக் கம்பி இழுக்கிற வேலை. காக்கி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு அவன் கிளம்பினால் எனக்குப் பெருமை தாங்காது. அம்சாவுக்கோ பயம் தாங்காது.

வேலை நடக்கிற இடத்துக்கே சோறு கொண்டுபோவாள். எனக்குத் தெரியாதா, சோறு ஒரு சாக்கு. கம்பத்திலிருந்து அவன் இறங்குகிற வரைக்கும் கருவேல மரத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்தால் கேள்விமேல் கேள்வி. அவனும் சலிக்காமல் சொல்லுவான்.

"இப்ப அதுல ஒண்ணும் இல்லடி. வெறுங்கம்பி. கரண்டு வுட்டப்புறம்தான் ஆபத்து. தொடணும்னு இல்ல, பக்கத்துல போனாலே இழுத்துக்கும்."

"கழியால தொட்டா?"

"பச்சை மூங்கிலா இருந்தா கழியோட சேர்ந்து ஆளும் போவான்."

இப்படிக் கேட்டுக் கேட்டுப் பயந்தே, அந்தக் கம்பியைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இனி அம்மன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் அங்காளம்மன். மேல்மலையனூரில் செய்கிற மாதிரியே இங்கும் வருஷா வருஷம் புதிதாகத் தேர் கட்டுவோம். அடியில் மரச்சக்கரம், மேலே மூங்கிலும் பனஞ்சட்டமும், உச்சியில் பித்தளைக் கலசம். மாசி அமாவாசை அன்று மயானக் கொள்ளை. தேரில் அம்மன் சுடுகாட்டுக்குப் போவாள். செத்தவர்களை நினைத்துக் கொழுக்கட்டையும் சுண்டலும் காய்கனியும் அங்கே இறைப்போம். என் புருஷனுக்கு நான் வருஷத்தில் ஒரு நாள் சோறு போடுகிற இடம் அதுதான்.

அந்தச் சுடுகாடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். கேட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். முன்னே சொன்ன மேடு இருக்கிறதே, சுடுகாட்டுப் பாதையும் அதில் ஏறித்தான் தண்டவாளத்தைத் தாண்டும். அதில் தேர் நின்று நின்று ஏறாது. நின்றால் பின்னாலேயே உருண்டு வந்து ஆளை அரைத்துவிடும். அதனால் மேட்டடியில் ஒரு நொடி நிறுத்தி, வடத்தை இறுக்கி, "ஆத்தா!" என்று கத்திக்கொண்டு ஒரே ஓட்டமாக இழுத்துத் தண்டவாளத்துக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஓட்டம் தொடங்கிவிட்டால் எமனே எதிரில் வந்தாலும் நிற்காது.

முந்தின மாசிக்குக் கம்பம் மட்டும் நின்றது, கம்பி வரவில்லை. நான் சொல்லவந்த மாசிக்குக் கம்பி தலைக்குமேல் ஓடுகிறது. கேட்டின் இரண்டு பக்கமும் உயரம் காட்ட ஒரு குறுக்குப் பட்டை கட்டி, அதற்குமேல் எதுவும் போகக்கூடாது என்று எழுதிப் போட்டார்கள். கரண்டு விடப்போகிறோம் என்று ஊர் ஊராகத் தண்டோராவும் போட்டார்கள். எங்கள் தேர் அந்தப் பட்டைக்கு மேலே ஓராள் உயரம்.

நடராசன் திண்டிவனத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான். கோயில் சார்பில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் கொஞ்ச நேரம் கரண்டை நிறுத்த வழி உண்டாம். ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னான். கோதண்டபாணிக்கு மூக்குக்குமேல் கோபம்.

"என்னாடா சொன்ன? அங்காளம்மா சுடுகாட்டுக்குப் போறதுக்கு மனு போடணுமா? ரயிலு வர்றதுக்கு முன்னாடியே போய்க்கினு இருந்தவடா அவ! மனு அவனுங்க போடட்டும், அவகிட்ட."

"தேரையாச்சும் உசரம் குறைச்சிக் கட்டலாங்க."

"தேரு உசரம் குறைஞ்சா ஊரு உசரம் குறையும்!"

இன்னொருவர் எழுந்து பெரிய புத்திசாலி மாதிரி கேட்டார். "ஏம்பா நடராசா, கம்பியில கரண்டு வந்துட்டுதுங்கிறியே, அப்புறம் எதுக்கு இன்னும் கரி என்ஜின் ஓடுது? கரண்டு இருந்தா கரண்டு வண்டி வராதா? வெறுங்கம்பியக் காட்டி ஏம்பா பேஜாரு பண்ற?"

கூட்டம் முழுக்கத் தலையை ஆட்டிற்று. எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. விளக்கு எரிந்தால் கரண்டு இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை. எங்களுக்குத் தெரிந்த கரண்டு அவ்வளவுதான்.

கடைசியில் கோதண்டபாணி தீர்ப்புச் சொன்னார். தெருவில் சாமி வரும்போது குறுக்கே கம்பி இருந்தால், ஒருவன் தேர்மேல் உட்கார்ந்து கவைக்கொம்பால் அதைத் தூக்கிப் பிடிப்பான். எங்கும் நடக்கிறதுதான். "நீ கட்டின கம்பிதானே? நீயே தேரு மேல ஏறு. கொம்பால தூக்கிப் புடி. அம்மன் மேல நம்பிக்கை இருந்தா ஏறு. இல்லன்னா இந்த ஊர்க் கோயில்ல உனக்குப் பங்கு இல்ல."

நடராசன் தலையைக் குனிந்துகொண்டு, "ஏர்றேங்க" என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உனக்குப் பைத்தியமாடா? தெரிஞ்சே போயி ஏறுவேங்கிறியே!"

"நான் ஏறலன்னா வேற எவனையாவது ஏத்துவானுங்க அக்கா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, நேரா கம்பியில கொடுத்துடுவான். நான் மேல இருந்தா மேட்டடியில நிறுத்தச் சொல்லிக் கத்தலாம்."

"மேளத்துல உன் கத்தல் எவன் காதுலடா விழும்?"

அம்சா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கேப்பைக் களி அடிபிடித்துத் தீய்ந்துகொண்டிருந்தது, அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அமாவாசை அன்று மத்தியானம் தேர் கிளம்பிற்று. பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. குறுக்குப் பட்டையை ஊர்க்காரர்கள் முந்தின நாளே கழற்றிப் புளியமரத்தடியில் போட்டுவிட்டார்கள். கேட் காப்பாளர் வெளியூர் மனுஷர், தனி ஆள். கையை ஆட்டிக் கத்திப் பார்த்துவிட்டு டெலிபோனுக்கு ஓடினார். தேரின் உச்சியில், கலசத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என் தம்பி. கையில் கவைக்கொம்பு. வாய் திறந்து திறந்து மூடுகிறது. என்ன சொல்கிறான் என்று கீழே ஒருவருக்கும் கேட்கவில்லை. அம்மனைக் கும்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டு இவர்களும் "ஆத்தா! ஆத்தா!" என்கிறார்கள். என் பிள்ளை அவன். நான் பெறாத பிள்ளை.

தேர் மேட்டடிக்கு வந்து நின்றது. ஆட்கள் உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு வடத்தை இறுக்கினார்கள். என் பக்கத்தில் நின்ற அம்சா அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைக் கொட்டவில்லை. திடீரென்று என் கையை உதறினாள்.

முடி அவிழ்ந்து தொங்க, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடித் தேருக்கு முன்னால் மேட்டில் நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள். அப்புறம் கேட்ட குரல் இருக்கிறதே, அது எங்கள் வீட்டில் நான் கேட்ட குரலே இல்லை.

"நிறுத்துங்கடா!"

பம்பை நின்றுவிட்டது.

"எனக்குத் தேரு வாணாண்டா! சுடுகாட்டுக்குப் போறவளுக்கு எதுக்குடா தேரு? இறக்குங்கடா என்னை! எம் புள்ளைங்க தோளு மேல நான் போறேன்! இந்த மேட்டுல என் தேரு ஏறிச்சின்னா ஊருல ஒரு அடுப்பு எரியாது!"

வடம் பிடித்தவர்கள் கையை விட்டார்கள். கோதண்டபாணி முன்னால் வந்து, "பூசாரி, யாரு வந்திருக்கிறதுன்னு பாரு" என்றார். பூசாரி பச்சைமுத்து பயந்த மனுஷர் இல்லை, எத்தனையோ சாமியாட்டத்தைப் பார்த்தவர். கற்பூரத்தைக் கொளுத்தி நீட்டினார். வந்தது அம்மன்தான் என்றால் எரிகிற கற்பூரத்தை நாக்கில் வாங்குவாள், சுடாது. ஆள் நடிக்கிறாள் என்றால் அங்கேயே தெரிந்துபோகும்.

பழந்துணியை மூன்று மடிப்பு மடிக்கிறவள் நாக்கை நீட்டினாள். கற்பூரம் நாக்கில் எரிந்தது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வாயை மூடி விழுங்கினாள்.

பச்சைமுத்து அப்படியே மண்ணில் விழுந்தார். அவரைப் பார்த்து ஊர் விழுந்தது. கோதண்டபாணியும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்தார். அம்மனைத் தேரிலிருந்து இறக்கிப் பலகையில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு, கம்பிக்குக் கீழே நடந்து தண்டவாளத்தைத் தாண்டினார்கள். தேரிலிருந்து இறங்கி வந்த நடராசன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். எத்தனையோ வருஷமாக அழாத அழுகை.

சுடுகாட்டில் கொள்ளையை முடித்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் கேட்டுக்குத் திரும்பினோம். கேட் மூடியிருந்தது. விழுப்புரம் பக்கமிருந்து ஒரு என்ஜின் வந்தது. புகை இல்லை, கரி இல்லை. ஒற்றை என்ஜின், சோதனைக்கு விட்டது. மேலே ஒரு கை மாதிரி தூக்கிக் கம்பியைத் தொட்டுக்கொண்டு, உர்ரென்று வந்தது. அந்தக் கையும் கம்பியும் சேர்கிற இடத்தில் பளிச்சென்று நீலமாக ஒரு பொறி. கேட்டில் நின்ற அவ்வளவு சனமும் அதைப் பார்த்தது. கம்பி காலியாக இல்லை, மத்தியானமும் காலியாக இருந்திருக்காது என்று எல்லோருக்கும் புரிந்தது. கோதண்டபாணி நடராசனைப் பார்த்தார். திரும்பி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் அம்சா எழுந்திருக்கவில்லை. மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "வாயைத் தெறடி" என்று அதட்டினேன். திறந்தாள்.

நாக்கு முழுக்கக் கொப்புளம்.

அம்மன் வந்தால் சுடாதே. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தவளையைப் பார்க்கிற அதே பயத்தோடு. வாசலில் அதற்குள் எலுமிச்சம்பழத்தோடு சனம் சேர்ந்துவிட்டது, குறி கேட்க. வெளியே போனேன். என் வாயை எதற்காகக் கடவுள் கொடுத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்னா கூட்டம் இங்க? சாமி வந்த ஒடம்பு. ஒரு வாரம் பேசக்கூடாது, மௌன விரதம். உத்தரவு ஆயிருக்குது. அவளை எவளாச்சும் பேச வச்சீங்கன்னா அப்புறம் நான் பொறுப்பில்ல. போங்க, போங்க!"

போய்விட்டார்கள். கொப்புளம் ஆறுகிற வரைக்கும் ஆறின கேப்பைக் கூழும் மோரும் நானே கரைத்துக் கொடுத்தேன். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவளுக்கு ஒரு நாளும் சாமி வந்ததில்லை. தேர் மட்டும் கேட்டோடு நிற்பது வழக்கமாகிவிட்டது. கேட் வரைக்கும் தேர், அதற்கப்பால் தோள். அம்மனே கேட்டுக்கொண்டது என்று ஊர் நினைத்ததால் தேரின் உயரமும் குறையவில்லை, நாட்டாமையின் உயரமும் குறையவில்லை.

கம்பி வேலை முடிந்ததும் நடராசனை விழுப்புரத்தில் நிரந்தரமாக்கினார்கள். அங்கேயே குவார்ட்டர்ஸ். நானும் அவர்களோடு போனேன். அம்சா பயப்படுவதை மட்டும் நிறுத்தவில்லை. அவன் வேலைக்குப் போனால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பாள்.

அறுபத்தொன்பதில் பெருமுக்கல்லில் ஒரு கல்யாணம். அவளும் நானும் போய்விட்டுத் திண்டிவனத்தில் கரண்டு வண்டி ஏறினோம். எதிரெதிர் ஜன்னல். புடவை வெள்ளையாகவே இருந்தது. கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிற முன்பே வண்டி கிளம்பிவிட்டது. கரி வாசனை இல்லாத அந்தக் காற்று எனக்கு என்னவோ அந்நியமாக இருந்தது. எங்கள் ஊர் நெருங்கிற்று. இத்தனை வருஷம் அடக்கி வைத்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"ஏண்டி அம்சா. அத்தினி பேர ஏமாத்தினியே, அம்மன் கோவிச்சிக்க மாட்டாளான்னு உனக்குப் பயமா இல்லியா?"

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இருந்தது அண்ணி. அதான் அவ வருவா, யாரு மேலயாச்சும் வந்து நிறுத்துவான்னு அவ மூஞ்சியவே பாத்துக்கினு நின்னேன். வருவா வருவான்னு பாத்தேன். வரல. வடத்த இறுக்கிட்டானுங்க. அதான் நானே போய்ட்டேன்."

மேடு வந்தது. அம்மனைக் கும்பிடக் கையைத் தூக்கினேன். முன்னைப் போல மூச்சு வாங்குகிற வண்டியா அது? கை கூடுவதற்குள் கேட் போய்விட்டது, ஊர் போய்விட்டது. கூப்பின கையை இறக்க எனக்கு மனம் வரவில்லை. எதிரில் அம்சா உட்கார்ந்திருந்தாள்.

"அய்யோ அண்ணி, என்னா இது, எல்லாரும் பாக்கறாங்க" என்று என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.